மருத்துவரின் அறைக்குள் வராத ஆய்வுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அகதிகள், குடியேறியவர்களின் உடல்நலம் பற்றி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். இன்னும் நிறைய ஆய்வுகள் வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வருடமாக மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த ஆய்வுகளே இன்னும் மருத்துவரின் அறைக்குள் வந்து சேரவில்லை.

நாங்கள் அகதிகளாக வந்த இரண்டாவது வருடம் அம்மாவுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. எனக்கு அப்போது 12 வயது. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன், ஏனென்றால் வீட்டில் அந்த நாட்டு மொழி பேசத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். மருத்துவர் கேட்டதில் பாதி எனக்கு விளங்கவில்லை. மாதவிடாய் பற்றி ஏதோ கேட்கிறார் என்று மட்டும் புரிந்தது. அதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் கேட்பது? "எல்லாம் சரியா இருக்கான்னு கேக்குறாங்க" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், "சரியாத்தான் இருக்குன்னு சொல்லு" என்றார். வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கருப்பையில் கட்டி இருப்பது தெரிய மேலும் ஒரு வருடம் ஆனது. அன்றைக்கே ஏழு மாதமாக இரத்தப்போக்கு இருந்தது என்பதை அம்மா என்னிடம் சொன்னது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான்.

இந்த வேலைக்கு வந்த பிறகு ஓர் ஆய்வைப் படித்தேன். பீடியாட்ரிக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2003-இல் வந்தது. ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தைகளைக் காட்ட வந்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, மொழிபெயர்ப்பில் நேர்ந்த தவறுகளை எண்ணியிருந்தார்கள். மொத்தம் 396, அதாவது ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 30-க்கு மேல். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர்களும் தவறு செய்திருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய தவறுகளில் 53 சதவீதம் நோயாளியைப் பாதிக்கக்கூடியவை. அந்த நேரத்துக்குக் கையில் அகப்பட்டவர்களை வைத்துப் பேசியபோது அது 77 சதவீதம். அப்படி அகப்பட்டவர்களில் நோயாளியின் உடன்பிறந்த 11 வயதுப் பிள்ளையும் உண்டு. அந்த வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அது வெளியாகி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம்கூட ஒரு காத்திருப்பு அறையில் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டியின் மருந்துச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்தேன்.

மொழி ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று ஒரு குடற்புழு இருக்கிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக உள்ளே போகிறது. உடலுக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொள்வதால் ஒரு மனிதருக்குள் பல பத்து வருடங்கள் இருக்கும். பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் அவருக்கு எப்போதாவது மூச்சிரைப்புக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்து புழு கட்டுக்கடங்காமல் பெருகி உடல் முழுவதும் பரவி உயிரையே எடுத்துவிடலாம். கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். குணப்படுத்த ஐவர்மெக்டின் மாத்திரை ஓரிரு நாள். (மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கு லோவா லோவா என்ற வேறொரு புழு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இதைக் கொடுக்க வேண்டும்.) கனடா மருத்துவச் சங்க இதழ் 2011-இல் வெளியிட்ட, குடியேறியவர்களுக்கும் அகதிகளுக்குமான வழிகாட்டுதலில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் புதிதாக வரும் அகதிகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லியிருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியபோதும் மருத்துவ இதழ்களில் இதையே எச்சரித்தார்கள். இத்தனை வருடத்தில் ஸ்டீராய்டு எழுதும் முன் "நீங்கள் எந்த நாட்டில் வளர்ந்தீர்கள்?" என்று ஒரு மருத்துவர் கேட்டு நான் மொழிபெயர்த்தது இரண்டே முறை.

செய்யச் சொன்னதைச் செய்யாதது இப்படி என்றால், வேண்டாம் என்றதைச் செய்வது இன்னொரு பக்கம். அதே 2011 வழிகாட்டுதல், அகதியாக வந்தவர் எல்லோரிடமும் சித்திரவதை, வன்முறை அனுபவங்களை வழக்கமாகத் தோண்டிக் கேட்காதீர்கள் என்கிறது. ஓரளவு நிமிர்ந்து வாழத் தொடங்கியவரிடம் அப்படிக் கேட்பது நன்மையைவிடக் கெடுதலே செய்யக்கூடும். தூக்கம் வராதது, காரணம் தெரியாத உடல்வலி, மனச்சோர்வு போன்ற அறிகுறிகளைக் கவனித்தால் போதும் என்கிறது. நான் போகும் ஓரிடத்தில் முதல் நாள் படிவத்தின் ஆறாவது கேள்வியே அதுதான். வந்தவர் இன்னும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அந்தக் கேள்வியை என் வாயால் கேட்கும்போது எதிரே இருப்பவர் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் நூறு பக்க வழிகாட்டுதலை யார் நினைவில் வைத்திருப்பது? ஆய்வு செய்தவர்களுக்கோ கட்டுரை வெளியானதோடு நிதி முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க வைப்பது யாருடைய வேலையும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் ஏட்டிலேயே காய்ந்துபோகிறது.

அந்தத் தூரத்தைக் கடந்துவிட்ட இடங்களும் உண்டு. அமெரிக்காவுக்குப் புறப்படும் ஆப்பிரிக்க, தென்கிழக்கு ஆசிய அகதிகளுக்குப் பயணத்துக்கு முன்பே அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையைக் கொடுக்கும்படி 1999-இல் அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சொன்னது. மின்னசோட்டா மாநிலத்துக்கு வந்தவர்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில் குடற்புழுத் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது. அது யாருடைய ஞாபகசக்தியையும் நம்பி விடப்படவில்லை, பயண நடைமுறைக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. உகாண்டாவில் தென் சூடான் அகதிப் பெண்கள் சுமார் 700 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அதில் சோதித்துப் பார்த்தது, மன அழுத்தத்தைச் சமாளிக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு பயிற்சியை. ஐந்து அமர்வுகள், அந்தப் பெண்களின் மொழியிலேயே ஒலிப்பதிவு, படங்கள் நிறைந்த ஒரு புத்தகம். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, குறுகிய பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். மூன்று மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. மருத்துவர் இல்லாத இடத்தில் யார் இதைச் செய்வார்கள் என்ற கேள்வியை அவர்கள் ஆய்வு முடிந்த பிறகு கேட்கவில்லை, தொடங்கும்போதே கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஆய்வுக்கு நிதி கொடுப்பவர்களிடம் என் கோரிக்கை: கண்டுபிடித்ததை ஒரு மருத்துவமனையிலாவது நடைமுறைக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த மக்களில் சிலரையும், மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். அந்த ஆறாவது கேள்வியைப் பார்த்தவுடனே அது வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். மருத்துவமனைக் கணினிகளில் ஸ்டீராய்டு எழுதும் இடத்தில் ஒரு வரி எச்சரிக்கை வந்தால் போதும், யாரும் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இதைப் படிக்கும் மருத்துவர்கள் நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஓர் அம்மாவுக்குப் பதிலாக அவர் பிள்ளை பேசத் தொடங்கினால், அந்தப் பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தொலைபேசியில் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் உங்கள் வாசகி