இரவல் கலை, ஈர வர்ணம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரச் சுற்றுலாப் பக்கத்தில், மலையகத்து எல்ல ஊர்ப் பக்கம் நடக்கும் முகமூடிப் பட்டறையைப் பற்றி, "மலையகத்தின் தொன்மையான கலையை இரண்டு மணித்தியாலத்தில் கற்று, கையோடு கொண்டு போகலாம்" என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வசனத்தில் இத்தனை பிழையை அடக்கவும் திறமை வேண்டும்.

அந்த முகமூடி தென்கரை அம்பலாங்கொடையின் சொத்து என்பது தாங்கள் அறியாததல்ல. கோலம் என்னும் முகமூடிக் கூத்துக்கும், நோய் ஓட்டும் பதினெட்டுச் சன்னிச் சடங்குக்கும் செதுக்கியது. மலையில் சொல்லிக்கொடுக்கட்டும், குற்றமில்லை. மலையுடையது என்று எழுதலாமா?

"கற்று" என்பதும் பெரிய வார்த்தை. கதுரு மரத்தை வெட்டி, அடுப்புப் புகையில் நாட்கணக்கில் உலர்த்தி, செதுக்கித் தேய்த்த பிறகுதான் வர்ணத்துக்கே வேலை. பயணியின் கைக்கு வருவது எல்லாம் முடிந்த முகம்.

சரி, வர்ணமாவது? மழைக்காலத்து மலைக்குளிரில் எனாமல் அடிப்பூச்சு ஓர் இரவு கழிந்தாலும் விரலில் ஒட்டும். அவசரப்பட்டு மேலே அடுத்த நிறத்தைப் பூசினால் அடிப்பூச்சு இளகிச் சுருங்கும். கடைசியாக இழுக்க வேண்டிய கறுப்புக் கோடு மஞ்சளில் கலங்கும். அக்ரிலிக் சீக்கிரம் காயும்தான். ஆனால் ஈரம் இருக்கும்போதே வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் படலம் ஏறும். உட்புறத்தை யாரும் கவனிப்பதில்லை. அங்கும் ஒரு பூச்சு இல்லாவிட்டால் மரம் ஈரம் குடித்து, கொழும்பில் ஏசி அறைச் சுவரில் மாட்டியதும் வெடிக்கும். "கையோடு" பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போனால், பொலித்தீனின் மடிப்பெல்லாம் ராட்சசன் முகத்தில் பதிந்திருக்கும்.

உங்கள் பக்கத்துக்கு மலையகம் என்றால் அருவி, ரயில், ஒன்பது வளைவுப் பாலம். அட்டையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மா. உள்ளே அவர் பெயர்கூட இருக்காது. மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. ரதி, மன்மதன், எமன் என்று முகத்துக்கு முகம் அரிதாரம் பூசத் தெரிந்த கைகள் இங்கேயே இருக்கின்றன. அதற்குப் பத்து வரி கேட்டால் இடநெருக்கடி. கடற்கரையில் இரவல் வாங்கிய "மலையகக் கலை"க்கு மட்டும் முழுப்பக்கம்!

அடுத்த இதழில் ஊர்ப்பெயரைத் திருத்துங்கள். முன்பதிவுக்கு முன் என்ன பெயின்ட் என்று கேட்கவும், எனாமல் என்றால் நன்றாகக் காய்ந்த பிறகே வாங்கிக்கொள்ளவும் என்று வாசகருக்கு ஒரு வரி சேருங்கள். பெட்டிச்செய்தி அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பண்டாரவளை.