முரளிக்கு, உன் வில்லன் விஷயமாக

அன்புள்ள முரளி,

உன் காமிக்ஸ் ஸ்கிரிப்ட் வந்து வெகுநாளாகிறது. பதில் இல்லை என்று நீ திட்டியது இங்கே வரைக்கும் கேட்டது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சோடாபுட்டி ரிடையர் ஆகிவிட்டான், அந்த பிரஷ்ஷை மட்டும் இன்னும் தரவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் ஆறு பக்கம் பிரமாதம். ஏழாம் பக்கத்தில் வில்லனின் சின்ன வயசு ஆரம்பிக்கிறது. குடிகார அப்பா, பள்ளியில் கேலி, மழையில் தனியாக நிற்கும் பையன். பதினோராம் பக்கம் வரை அழுகிறான். ஏன்டா? அழாத வில்லன் விலைபோக மாட்டான் என்று உனக்கு யார் சொன்னது?

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றில்தான் போய் முட்டுகிறது. 1992இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடர், அதில் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற அத்தியாயம். அதன் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் அதுவரை யார்? 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் காமிக்ஸில் தலைகாட்டிய ஐஸ் துப்பாக்கி ஆசாமி, அவ்வளவுதான். அத்தியாயத்தை எழுதிய பால் டினி அவனுக்கு நோரா என்று நோயாளி மனைவியைக் கொடுத்தார், மைக் மிக்னோலா உருவத்தை மாற்றி வரைந்தார், புரூஸ் டிம் இயக்கினார். எழுத்துக்கு எம்மி விருது. அப்புறம் என்ன, ஊரில் உள்ள வில்லன்களுக்கெல்லாம் சோகக் கதை வேண்டியதாகிவிட்டது.

ஆனால் எல்லோரும் காப்பி அடித்தது மனைவியை மட்டும்தான். ஃப்ரீஸ் பேசுவதைக் கேட்டுப் பார். மைக்கேல் அன்சாரா குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் சுழலும் நடனப் பொம்மையை வெறித்துக்கொண்டிருப்பான். பழைய கதை நமக்கு எப்படித் தெரிகிறது? பேட்மேன் கண்டெடுக்கும் வீடியோ டேப்பில், போலீஸ் சாட்சியம் மாதிரி. நோராவின் சிகிச்சையை நடுவில் நிறுத்தச் சொல்லும் கம்பெனி முதலாளி ஃபெரிஸ் பாயிலும் அதில் இருக்கிறார். அவருக்குத்தான் மனிதாபிமானி விருது! குரல் யார் தெரியுமா? ஜோக்கருக்குக் கொடுத்த அதே மார்க் ஹாமில். அந்த அத்தியாயத்தில் உண்மையான வில்லன் பாயில்தான். அவருடைய சின்ன வயசை யாரும் காட்டவில்லை பார்த்தாயா? கோட்டு, டை, சிரிப்பு, முடிந்தது.

அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், முரளி. தினமும் எங்கள் பத்திரிகையின் முதல் பக்க மூலையில் நான் வரைவது அவரைத்தான். போன மாதம் ஒரு படத்தில் "அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று மேலிடத்தில் சொன்னார்கள். குறைத்தால் அங்கே மிச்சம் என்ன இருக்கிறது? கொடுமைக்காரனுக்கெல்லாம் ஒரு சோகம் இருந்தே தீரும் என்று நம் பிள்ளைகள் பழகிக்கொண்டால், சோகமே இல்லாமல் கணக்குப் பார்த்து ஒருத்தனைச் சாகவிடுகிறவனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்? இது நிஜமாகவே என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஜோக்கரையே எடுத்துக்கொள். 1940இல் பேட்மேன் முதல் இதழில் வந்தபோது அவனுக்கு முன்கதை கிடையாது. நள்ளிரவில் இன்னாரைக் கொல்வேன் என்று ரேடியோவில் சொல்கிறான், கொல்கிறான். அதைவிடு, நம் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்? கூரான காது, வலைத்துப்பாக்கி, ஹெலிகார், கையாட்கள் பெல்ஹாமையும் ஆர்டினியையும் போட்டு விரட்டுகிற திமிர். லயன் காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்தோமே, அவனை அவன் அம்மா எப்படி வளர்த்தாள் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

இன்னொன்று. ஃப்ரீஸ் கடைசியில் எதில் வீழ்கிறான்? பேட்மேனின் ஜலதோஷத்துக்கு அவன் வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய சுடச்சுடக் கோழி சூப்பில்! அவ்வளவு துக்கத்துக்கு நடுவில் அந்தக் கிறுக்குத்தனம் கச்சிதமாக உட்காருகிறது. உன் நாற்பது பக்கத்தில் சிரிக்க ஓர் இடம் காட்டு.

படம் நான்தான் வரைவேன், அதில் மாற்றமில்லை. அந்த பேட்மேன் தொடரில், தயாரிப்பாளர்களில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கி பின்னணியைக் கறுப்புக் காகிதத்தில் தீட்ட வைத்தார். இருட்டு ஏற்கெனவே இருக்கும், வெளிச்சத்தை மட்டும் வைத்தால் போதும். நானும் கறுப்பு அட்டை வாங்கிவிட்டேன். ஏழிலிருந்து பதினொன்று வரை தூக்கிவிட்டு, அந்தப் பையனுக்கு ஒரே ஒரு கட்டம் கொடு, வசனம் வேண்டாம். முடியாது என்றால் தீபாவளிக்கு இங்கே வா, சண்டை போடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வரும்போது அந்த முறுக்கு, உன் கையால் சுட்டது வேண்டாம்.

உன்,
சிவா