காற்றடைத்துக் கொடுத்த தம்பிக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் எங்கள் கிளப் போட்டி, 10 மீட்டர் ஏர் ரைபிள். சுடத் தொடங்கும் நேரத்தில் மகளின் துப்பாக்கியில் காற்று கசிந்து, அதன் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் சரசரவென்று இறங்கிவிட்டது. பக்கத்து லேன் தம்பி தன் சாமானைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சிலிண்டரைக் கழற்றி, கழுத்தில் வெடித்திருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, தன்னுடைய பெரிய சிலிண்டரிலிருந்து 200 பார் அழுத்தம் வரை மெதுவாக ஏற்றினார். அவசரப்பட்டால் சூடாகி, ஆறியதும் முள் இறங்கிவிடுமாம். அவரும் போட்டியாளர்தான்!

பேர் கேட்டேன். “பிள்ளையை முதல்ல சுடச் சொல்லுங்க ஆச்சி” என்றார். 60 குண்டும் சுட்டாள். தம்பி, அடுத்த முறை வந்தால் வீட்டுக்கு வாங்க, வெள்ளைப் பணியாரம் சுட்டு வைக்கிறேன்.