பால் டின் கணக்கு

தண்ணீர்மலை, பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

போன வாரம் பேத்திக்குப் பிறந்தநாள். மெல்பர்னில் இருக்கும் பெரியவள் அனுப்பிய குறிப்பைப் பார்த்து பட்டர் கேக் போட்டேன். பட்டர் 250 கிராம், சீனி 200 கிராம், முட்டை நாலு, மாவு இரண்டு கப். கப் என்றதும் கைக்கு எது வந்தது தெரியுமா? ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்! எடுத்துப் பார்த்தால் நடுவில் குழி, ஓரமெல்லாம் எண்ணெய். "பாட்டி, இது கேக்கா கேசரியா?" என்கிறாள் சின்னது.

மனசு கேட்கவில்லை. ராத்திரியே மில்லி கோடு போட்ட ஜக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன். குக்கர் கப் 180 மில்லிதான் பிடிக்கிறது. ஜப்பான்காரர்கள் அரிசி அளக்கும் பழைய அளவாம் அது. ஆஸ்திரேலியாவில் கப் என்றால் 250. அமெரிக்கக் குறிப்பாக இருந்தால் 240 பக்கம். ஆக, மாவில் மட்டும் 70 கிராம் போலக் குறைந்துவிட்டது. பட்டரும் முட்டையும் முழுசாக விழுந்திருக்கின்றன. பிறகு எப்படி எழும்பும்?

மேசைக்கரண்டிகூட ஆஸ்திரேலியாவில் 20 மில்லியாம், என்னிடம் இருப்பது 15. நல்ல வேளை, பேக்கிங் பவுடர் தேக்கரண்டியில் இருந்தது. அது இரண்டு ஊரிலும் 5தான். எல்லாவற்றையும் கிராமாகவே எழுதித் தொலைத்தால் என்ன? நாமே மாற்றிக்கொள்ளலாம் என்றால், 250 மில்லி கப்பில் மாவு 125 கிராம் நிற்கும், சீனி 200ஐத் தாண்டும். ஒரே கணக்கு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நம் அம்மாக்கள் இப்படியா திண்டாடினார்கள்? மீனும் கறியும் கட்டிக் கணக்கு; ஒரு கட்டி 600 கிராம் சொச்சம். அரிசியும் மாவும் பால் டின் கணக்கு. கையைக் கிழிக்கும் என்று உன் அம்மா டின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டி மழுக்கி வைத்திருப்பாரே, அதில் ஒன்று இன்னும் என் மாவுப் பானைக்குள் கிடக்கிறது.

சரி, நீ கேட்ட முறுக்கு. அரிசி மாவு நாலு டின்னுக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒரு டின். டின் இல்லையா, டம்ளரில் போடு, குக்கர் கப்பில் போடு, நடுவில் மட்டும் மாற்றிவிடாதே. பட்டர் மட்டும்தான் கிராம் கணக்கு, அதனால் என் டின்னையும் அளந்து பார்த்தேன்: 300 மில்லி. அந்த நாலு டின்னுக்கு 100 கிராம் பட்டர் போதும். உன் டம்ளர் சின்னது என்றால் பட்டரையும் குறைத்துக்கொள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் வந்துவிடுவேன். அங்கிருந்து செந்தூலுக்குக் கூட்டிப் போக மகனை அனுப்பு. டின்னை நான் கொண்டு வருகிறேன். முறுக்கு உரலை நீ கழுவிக் காயவைத்து வை, போன வருஷம் மாதிரி துருவோடு நீட்டாதே.

உன்,
பக்கத்து லயத்துக்காரி