உங்கள் தாளில் இருந்தபடி செய்ததற்கே உத்தரவாதம் மறுத்தது குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கிட்டுடன் வந்த வயரிங் வழிகாட்டித் தாளில் உள்ள தவறுகள்

ஐயா / அம்மையீர்,

எக்சாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து, இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் போகின்றன என்று காட்டும் உங்கள் வைட்பேண்ட் கிட்டை மூன்று மாதத்துக்கு முன் வாங்கினேன். கண்ட்ரோலரோடு சேர்ந்த ஒரு கேஜ் (விகிதத்தை எண்ணாகக் காட்டும் முகப்பு), எல்.எஸ்.யு. 4.9 வகை சென்சார், வயர்க் கட்டு, நான்கு பக்கத் தாள் ஒன்று. கேஜின் மீது எனக்குக் குறை இல்லை, துல்லியமாகத்தான் காட்டுகிறது. என் குறை முழுவதும் அந்தத் தாளின் மீதும், அதன்படி நடந்த என் மேலேயே பழியைப் போட்டு நீங்கள் அனுப்பிய பதிலின் மீதும்தான்.

முதலில் சென்சார் கதை. முதலில் சென்சாரை எக்சாஸ்ட் குழாயில் மாட்டிவிட்டு, வயரிங்கை நேரம் கிடைக்கும்போது செய்துகொள்ளலாம் என்று தாளின் இரண்டாம் பக்கம் சொல்கிறது. அப்படியே செய்தேன். குழாயில் துளை போட்டு, 18 மி.மீ. மறையுள்ள நட்டை வெல்டு வைத்து, தண்ணீர் தேங்காதபடி முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு சென்சாரைப் பொருத்தினோம். கேஜுக்கு டேஷ்போர்டில் இடம் ஒதுக்கி வயர் இழுத்து முடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் வண்டி ஓடியது. சென்சார் ஹீட்டருக்கு மின்சாரமே இல்லாமல் புகைக்குள் கிடந்தது.

அதனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த சென்சாரின் பீங்கான் முனையை ஹீட்டர் சுமார் 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறது. அந்தச் சூட்டில் அதன் மேல் படியும் கரி எரிந்து போய்விடும். ஹீட்டர் இல்லாதபோது புகையின் சூடு மட்டும் அதற்குப் போதாது. வாயு உள்ளே போகும் நுண்ணிய வழியைக் கரி அடைத்துவிடும். வயரிங்கை முடித்துச் சாவியைத் திருப்பினேன். கேஜ் இரண்டு நாள் தாறுமாறாகக் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் பிழைக் குறியோடு நின்றுவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தரக் கேட்டபோது உங்களிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி: ஹீட்டர் இயங்காத நிலையில் சென்சார் எக்சாஸ்டில் இருந்திருக்கிறது, ஆகவே உத்தரவாதம் செல்லாது.

அது செய்யக்கூடாத காரியம் என்று உங்கள் சேவைப் பிரிவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏன் அதையே செய்யலாம் என்று உங்கள் தாள் சொல்கிறது? வேறு சென்சாரை என் கைக்காசில் வாங்கி மாட்டினேன்.

இரண்டாவது குறைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் போனது.

உங்கள் வயர்க் கட்டில் இரண்டு எர்த் வயர்கள் இருக்கின்றன. கறுப்பு, ஹீட்டரின் கரண்ட் திரும்பி வரும் எர்த். பழுப்பு, சிக்னலுக்கான எர்த். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பதே ஒரு காரணத்துக்காகத்தான். ஆனால் தாளில் உள்ள படத்தில் இரண்டும் ஒன்றாக முறுக்கப்பட்டு, ஒரே லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), பெயின்ட் சுரண்டிய ஒரு பாடி போல்ட்டின் கீழே போகின்றன. பக்கத்தில் இருக்கும் எந்த போல்ட்டும் சரி என்று வேறு எழுதியிருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு போல்ட்டைப் பார்த்து, பளபளவென்று சுரண்டி, இறுக்கிவிட்டேன்.

கேஜிலிருந்து இ.சி.யு.வுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குப் போகும் சிக்னல், உங்கள் தாளின்படியே, 0 வோல்ட் என்றால் காற்று-பெட்ரோல் விகிதம் 10, 5 வோல்ட் என்றால் 20. எண் கூடினால் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக, ஒரு வோல்ட்டுக்கு இரண்டு புள்ளி. எர்த்தில் 0.1 வோல்ட் பிசகினாலே விகிதம் 0.2 பிசகும். இவ்வளவு நுணுக்கமான ஒரு சிக்னலைப் போய் ஏதோ ஒரு போல்ட்டை நம்பி விடச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் பெரும்பாலும் இரவில்தான் வண்டியை ஓட்டி, இ.சி.யு.வுக்கு வரும் எண்ணை லேப்டாப்பில் பதிவு எடுப்பேன். பதிவில் எப்போதும் எரிபொருள் குறைவாகவே தெரிந்தது. அதை நம்பி இ.சி.யு.வில் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். புகை நாற ஆரம்பித்தது. டேங்க் சீக்கிரம் காலியானது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நான்கிலும் வெல்வெட் ஒட்டியது போல உலர்ந்த கரி. விரலால் தொட்டால் விரல் கறுத்தது. பிளக் பெட்ரோல் அதிகம் என்கிறது, லேப்டாப் குறைவு என்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை.

என் மைத்துனர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒரு நாள் அவர் வந்தபோது வண்டியை ஐடிலில் விட்டு, கேஜையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹெட்லைட்டைப் போட்டார். ரேடியேட்டர் ஃபேனும் அந்த நேரம் ஓடியது. கேஜில் 14.7 அசையவில்லை. லேப்டாப்பில் 15.1. விளக்கை அணைத்து, ஃபேனும் நின்றதும் லேப்டாப் 14.8-க்கு இறங்கியது. "மச்சான், பாடி எர்த்தும் இன்ஜின் எர்த்தும் ஒண்ணுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். உங்கள் தாளைக் காட்டினேன்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை இ.சி.யு.வின் சென்சார் எர்த்திலும், சிவப்பு முனையை உங்கள் லக்கிலும் வைத்தோம். எல்லாம் அணைந்திருக்கையில் 0.04 வோல்ட். விளக்கும் ஃபேனும் ஓடும்போது 0.21 வோல்ட். இரண்டால் பெருக்கினால் 0.42. லேப்டாப் காட்டிய பொய் அங்கே அப்படியே இருந்தது. விளக்கு, ஃபேன் இவற்றின் கரண்ட் எல்லாம் பாடி வழியாகத்தான் இன்ஜினில் இருக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்புகிறது. வழியில் உள்ள எர்த் பட்டையின் சிறு தடைக்கே பாடியின் மின்னழுத்தம் இன்ஜினைவிட ஒரு படி உயர்ந்துவிடுகிறது. இ.சி.யு. எர்த் இன்ஜினில், உங்கள் எர்த் பாடியில். போதாததற்கு, துடிப்புத் துடிப்பாக ஓடும் ஹீட்டர் கரண்டையும் சிக்னல் எர்த்தையும் ஒரே லக்கில் கட்டியிருக்கிறீர்கள்.

அன்றே லக்கை வெட்டினோம். பழுப்பு வயரை இ.சி.யு.வின் சென்சார் எர்த்துக்கும், கறுப்பு வயரை இன்ஜினில் இ.சி.யு. எர்த் ஆகும் அதே போல்ட்டுக்கும் கொண்டுபோனோம். மீட்டர் 0.01 வோல்ட்டுக்கு மேல் போகவில்லை. ஹெட்லைட் போட்டாலும் கேஜும் லேப்டாப்பும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தாளில் சரியாக ஒரு வரி இருந்திருந்தால் ஆறு வாரமும் நான்கு பிளக்கும் மிஞ்சியிருக்கும்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர் பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி. ஆனால் எல்லோரும் பாடியில்தான் எர்த் கொடுக்கிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை என்றார். குறை சொல்லாதவர்களில் எத்தனை பேர் பொய்யான எண்ணைப் பார்த்து வண்டியை டியூன் செய்துகொண்டிருக்கிறார்களோ! என் வண்டியில் பிழை எரிபொருளைக் கூட்டும் பக்கம் போனதால் பிளக்கோடு தப்பித்தேன். இ.சி.யு.வின் எர்த் பழுதாகி அதன் பக்கம் மின்னழுத்தம் உயர்ந்த ஒரு வண்டியில் இதே பிழை தலைகீழாகும். எரிபொருள் போதுமானது என்று பதிவு சொல்லும், உள்ளே குறைந்துகொண்டே போகும். முழு ஆக்சிலரேட்டரில் அப்படி ஓடினால் பிஸ்டனே உருகலாம். அந்த வண்டிக்காரருக்காகவும்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பழுதான சென்சாருக்குப் பதில் புதிய சென்சார், இல்லையென்றால் நான் வாங்கிய சென்சாரின் விலை. ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் விட்டு வண்டியை ஓட்டக்கூடாது என்றும், வயரிங் முடியும்வரை துளையை அடைப்பான் போட்டு மூட வேண்டும் என்றும் தாளில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். எர்த் படத்தை மாற்றி வரைய வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களின் முகவரி உங்களிடம் இருக்கிறது. அவர்களுக்கும் திருத்திய தாளை அனுப்புங்கள். நான்காவதை நீங்கள் செய்வதாக எழுதிக் கொடுத்தால், முதலாவதில் பாதி விலைக்குக்கூட நான் ஒத்துக்கொள்வேன்.

தாளின் இரண்டு பக்கங்களின் நகல், மீட்டரில் எடுத்த அளவுகளின் படங்கள், ஹெட்லைட் போடும் முன்னும் பின்னும் எடுத்த லேப்டாப் பதிவு, பிளக்குகளின் படம், நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பழைய சென்சார் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இதே கடிதத்தோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்