லாக்வுட் தாத்தாவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள ராபர்ட் லாக்வுட் தாத்தாவுக்கு,

புளூஸ் கிட்டார் வாசிச்ச உங்களப் பத்தி யாரு பேச ஆரம்பிச்சாலும் ரெண்டாவது வரியிலயே இன்னொரு பெரிய புளூஸ் கிட்டார்காரரு ராபர்ட் ஜான்சன் வந்துடுறாரு. உங்க அம்மாவோட வாழ்ந்தவரு, உங்களவிட நாலே வயசு மூத்தவரு, உங்களுக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தவரு, எல்லாம் சரிதான். ஆனா எனக்கு உங்ககிட்ட பேச வேண்டியது அந்த மாவு ரேடியோ ஷோ பத்தி.

1941 நவம்பர் 21, அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்து ஹெலனா ஊரு, கேஎஃப்எஃப்ஏ ரேடியோ ஸ்டேஷன். சன்னி பாய் வில்லியம்சன் மவுத் ஆர்கன், கூட நீங்க கிட்டார். கிங் பிஸ்கட்னு ஒரு மாவு விக்கணும், அதுக்கு மதியம் கால் மணி நேரம் லைவ்வா வாசிக்கணும், பதிலுக்கு அன்னிக்கு ராத்திரி எந்த ஊர்ல கச்சேரின்னு நீங்க மைக்ல சொல்லிக்கலாம். ஷோ பன்னெண்டே கால் மணிக்கு, ஏன்னா பருத்திக்காட்டுல இருந்து ஜனங்க சாப்பிட வர்ற நேரம் அது. ஆத்துக்கு அந்தப் பக்கம் மிசிசிப்பி மாநிலத்துல, இந்தியனோலா ஊர்கிட்ட டிராக்டர் ஓட்டிட்டு இருந்த, பின்னாடி பெரிய புளூஸ் கிட்டார்காரரா ஆன பி.பி. கிங்கும் அப்படி சாப்பாட்டு வேளையில உங்கள கேட்டவருதான், அப்புறம் அவரே மெம்ஃபிஸ்ல டபிள்யூடிஐஏ ஸ்டேஷன்ல டானிக் விளம்பரத்துக்குப் பாடி வாசிச்சு மேல வந்தாரு. ஆம்ப்ல (சத்தத்தப் பெருக்குற மெஷின்) போட்ட கிட்டார் சத்தத்த அந்தப் பக்கத்து ஜனங்கள்ல எத்தனையோ பேரு மொதல்ல கேட்டதே உங்க கையிலதான்.

எனக்கு இதுல ஒரு ஆதங்கம் இருக்கு தாத்தா. அப்புறமா அந்தக் கம்பெனி சன்னி பாய் பேர்லயே சோள மாவு போட்டு, பையில அவர் ஒரு பெரிய சோளக்கதிர் மேல உக்காந்திருக்கிற படம் அச்சடிச்சாங்க, அந்தப் பையில உங்க படம் இல்ல. நீங்க ஒரு ரெண்டு வருஷத்துல கிளம்பி, அதே ஸ்டேஷன்லயே மதர்ஸ் பெஸ்ட்னு இன்னொரு மாவுக்கு ஜாஸ் வாசிக்கிற ஆளுங்களோட ஷோ பண்ணீங்க. நீங்க வெறும் பக்கவாத்தியம் இல்லன்னு எனக்குப் புரிஞ்ச இடம் அதுதான்.

அந்த நாள் வாசிப்பெல்லாம் காத்துல போயிடுச்சு. அதனால நான் அம்பதுகள்ல சிகாகோல செஸ்ங்கிற ரெக்கார்டு கம்பெனிக்காக நீங்களும் சன்னி பாயும் திரும்பச் சேர்ந்து வாசிச்சதத்தான் ராத்திரி ஹெட்போன்ல போட்டு, அவர் குரல விட்டுட்டு உங்க கிட்டார் கார்ட்ஸ (சேர்த்து வாசிக்கிற ஸ்வரங்கள) மட்டும் பிடிச்சுட்டே போறேன், கத்துக்கிட்டிருக்கிற ஆளு நான், பாதிக்கு மேல விரல் வரமாட்டேங்குது. அவர் நினைச்ச இடத்துல பாட்ட நிறுத்துவாரு, நினைச்ச இடத்துல எடுப்பாரு, நீங்க ஒரு தடவகூட தடுமாறல.

2006ல கிளீவ்லாண்ட்ல நீங்க போன தேதியும் நவம்பர் 21. மொத ஷோ போயி சரியா 65 வருஷம். அதப் படிச்சதுல இருந்து இந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருக்கு: அந்த மொத ஷோ அன்னிக்கு மதியம் லைவ்னு ரெட் லைட் எரிஞ்சதும், சன்னி பாய் எங்க நிறுத்தப் போறாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, அவர் மூச்ச கவனிச்சீங்களா, கால் தாளத்தையா?

இப்படிக்கு,
இன்னும் கத்துக்கிட்டிருக்கிற ஒருத்தன்