தேனு போட்ட கையெழுத்து

தேவகோட்டை

அன்புள்ள மெய்யம்மை,

இங்கே நலம். உன் முழங்கால் வைத்தியம் எந்த மட்டில் இருக்கிறது? அண்ணன் இன்னமும் திருட்டுத்தனமாகச் சீயம் தின்கிறாரா? எங்கள் வீட்டில் ஓடு மாற்றுகிற வேலை பாதியில் நிற்கிறது. கொத்தனார் சொல்லிக்கொள்ளாமல் போனவன் போனவன்தான். அதை விடு, விஷயம் வேறு.

நம்ம உமையாள் மகள் தேனு அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள்.

பதறாதே, படிப்பை விடவில்லை. டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது என்று உனக்குக் கந்தரப்பம் கொடுத்தனுப்பினேனே, அதே படிப்புதான். செலவை மட்டும் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொள்கிறது. அங்கே டாக்டராகி வெளியே வருகிற பிள்ளைகள் பலர் 2 லட்சம் டாலர் கடனோடுதான் வருகிறார்களாம். உமையாளிடம் அவ்வளவு பணம் ஏது? தேனு யாரிடமும் கேட்காமல் கையைத் தூக்கிச் சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டு, அந்தப் படத்தைப் போனில் அனுப்புகிறாள். உமையாள் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

நான் அழவில்லை. பத்திரத்தை அனுப்பச் சொல்லி, வரி வரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன். கல்லூரிக் கட்டணம், புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல். படிக்கும்வரை ரிசர்வ் படையில் செகண்ட் லெப்டினன்ட் என்று பெயர், வருஷத்தில் 45 நாள் ராணுவப் பணி. பட்டம் வாங்கியதும் கேப்டன். எத்தனை வருஷம் படிக்க வைத்தார்களோ அத்தனை வருஷம் முழுநேரமாக அவர்களிடம் வேலை பார்க்க வேண்டும்.

சரிதானே என்று தோன்றும். நான் பிடித்துக்கொண்ட இடம் வேறு. அவளுக்குக் குழந்தை மருத்துவம் ஆசை. அதற்குப் பட்டத்துக்கு மேல் 3 வருஷப் பயிற்சி. அதை ராணுவ ஆஸ்பத்திரியிலேயே செய்தாலும் அந்த 3 வருஷம் கடனில் கழியாது! வட்டி கட்டிக்கொண்டே இருக்க, முதல் அப்படியே நிற்கிற கதை. ஆக படிப்பு 4, பயிற்சி 3, வேலை 4. கணக்குத் தீரும்போது அவளுக்கு 34 வயது. அதற்கப்புறமும் கொஞ்ச காலம் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும், கூப்பிட்டால் போக வேண்டும். குழந்தை மருத்துவம் கேட்டால் கிடைக்கும் என்றும் இல்லை, எந்தத் துறைக்கு எத்தனை பேர் என்பது ராணுவம் போடுகிற கணக்கு. பட்டாளத்துக்குக் குழந்தை டாக்டர் எதற்கடி என்றேன். "சிப்பாய்க்குப் பிள்ளை பிறக்காதா ஆயா?" என்கிறாள்.

வாய் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, பிழைப்புக்காகக் கப்பலேறிப் போனதும் சம்பளச் சிட்டை என்ற ஒப்பந்தம் எழுதித்தான். மூன்று வருஷக் கணக்கு. கல்யாணமான மறு வருஷமே கப்பல். திரும்பி வந்தபோது முகப்பில் நின்றவர் யாரென்று எங்கள் ஆயாவுக்கே தெரியவில்லையாம். அதைப் பெருமையாகத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தோம்? உமையாளிடம் இதைச் சொன்னேன். "ஐயா மேல யாரும் குண்டு போடலையே ஆத்தா" என்றாள். 1941 டிசம்பரில் ரங்கூனில் விழுந்தது என்ன, பணியாரமா? என்றாலும் அவள் கேட்டது மனசில் தைத்துவிட்டது.

காயம்பட்டவரைப் பார்க்கிற டாக்டரைத் தாக்கக்கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கை இருக்கிறது என்கிறாள் தேனு. தன்னையும் நோயாளியையும் காத்துக்கொள்ளத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாம். உடன்படிக்கையைப் படித்துவிட்டா குண்டு வருகிறது? நேதாஜி படையில் இருந்த கேப்டன் லட்சுமியும் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர்தானே என்று என்னையே மடக்கப் பார்த்தாள். அந்த அம்மாள் போனது தன் நாட்டு விடுதலைக்கு என்றேன். "இது நான் பிறந்த நாடு ஆயா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாளைக்கு ஒரு சண்டை அநியாயம் என்று உனக்கே தோன்றினால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "அடிபட்டவன் எந்தப் பக்கம்னாலும் பாப்பேன்" என்றாள். நான் கேட்டது அதுவா? தூக்கம் வராமல் கிடக்கிறேன் மெய்யம்மை.

உன் மருமகன் நம்ம ராணுவ மருத்துவப் படையில் இருந்தவர்தானே. நாடு வேறு, சட்டம் வேறு, தெரியும். ஆனாலும் உத்தரவுக்கும் மனசுக்கும் ஒத்துப்போகாத நாளில் அங்கே டாக்டர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுது. மழுப்பாமல் சொல்லச் சொல்.

பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு. கொத்தமங்கலத்து அத்தையும் வருகிறாள். அவளிடம் வாயைத் திறக்காதே. தேனு அங்கே வெறும் டாக்டருக்குத்தான் படிக்கிறாள், அத்தை இப்போதே மூன்று ஜாதகம் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
விசாலம்